பழைய லாண்ட் றோவரை யாழ்ப்பாணத்து உப்புக்கும் மணலுக்கும் தயார்ப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

பழைய ஜீப் ஒன்றைப் புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் பூட்டுவது பெரிய ரயர். அடுத்தது முன் பம்பரில் ஒரு வின்ச். மூன்றாம் மாதம் வாகனம் கராச்சில் நிற்கும், பிறேக்காலோ சேசியாலோ. இங்கே வரிசை தலைகீழ்: முதலில் சேசி, பிறகு பிறேக், ஒயில்கள், எஞ்சின், வயர். ரயரும் ஸ்பிரிங்கும் கடைசியில்.

அளவுகள் யாவும் 1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3, 88 அங்குல லாண்ட் றோவருக்கு (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்), 2286 சி.சி. எஞ்சினோடு. 109 அங்குலத்துக்குப் பிறேக் வேறு. மிற்சுபிசி ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை உதவும், இலக்கங்கள் உதவா.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலை இல்லை. இங்கே வாகனத்தைத் தின்பது உப்புக் காற்று, தீவுப் பாலங்களில் தெறிக்கும் உவர்த் தண்ணீர், மணற்காட்டு மணல், மாரிச் சேறு. மலைநாட்டு ஜீப்புக்குச் செய்யும் வேலைகளில் பாதி இங்கே தேவையில்லை. அங்கே யாரும் பெரிதாக எடுக்காத கறள்தான் இங்கே முதல் எதிரி.

1. கை வைக்க முன் இலக்கங்களைப் பாருங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவையோடு பொருந்த வேண்டும். சேசி இலக்கம் வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியில் குத்தப்பட்டிருக்கும். சேறும் பெயின்ற்றும் மூடியிருந்தால் மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும்.

கிரைண்டர் போடாதீர்கள். கறள் அதிகம் பிடிக்கும் இடங்களில் அந்த முன் தாங்கியும் ஒன்று. கறள் எடுக்கிறேன் என்று தேய்த்தவர்கள் இலக்கத்தையும் சேர்த்தே தேய்த்திருக்கிறார்கள். இலக்கமில்லாத சேசியை விற்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. வேலை தொடங்க முன் தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுத் தட்டு விழாதபடி வேலையைத் திட்டமிடுங்கள்.

எஞ்சின் மாறிய வாகனங்கள் ஏராளம். ரொயோட்டாவோ இசுசுவோ ஏறியிருக்கும், புத்தகத்தில் பழைய இலக்கமே இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றித் தரும்படி விற்பவரிடமே கேளுங்கள். காசு கைமாறியபின் கேட்டால் பதில் வராது. வருடாவருடம் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும் என்பதால், புகை கக்கும் டீசலை வாங்கும்போது அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

2. முதல் நாளுக்கு வேண்டியவை

இது அங்குல வாகனம். மில்லிமீற்றர் ஸ்பானர் செற்றோடு தொடங்கினால் முதல் நாளே நட்டு மொழுங்கும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 அங்குல ஸ்பானர்களும் சொக்கற்றுகளும், ஒரு ஃபீலர் கேஜ், ரோர்க் ஸ்பானர், இரும்பு ஸ்ராண்ட் நான்கு, கனமான ஜக், ஒரு இறாத்தல் சுத்தியல், வயர் பிறஷ். கறள் ஊறும் ஒயிலை வேலைக்கு இரண்டு நாள் முன்பே எல்லா நட்டுகளுக்கும் அடியுங்கள். வேலையன்று அடித்துப் பயனில்லை.

ஜக் வைக்கும்போது ஒரு விடயம் ஆளையே கொல்லும். சீரீஸ் லாண்ட் றோவரின் கைப் பிறேக் சில்லில் இல்லை, இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாப்ற்றில் இருக்கிறது. ஒரு பின் சில்லைத் தூக்கியதும், இரு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிபரன்ஷல் அந்தச் சில்லைச் சுழல விடும். கைப் பிறேக் இழுத்தபடியே இருக்க, வாகனம் ஜக்கிலிருந்து உருண்டுவிடும். எதிர்ப் பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்காமல் எதையும் தூக்காதீர்கள்.

தளம் சீமெந்தாக இருக்க வேண்டும். வளவு மண்ணில் ஸ்ராண்ட் மெல்ல மெல்லச் சாயும். மண்தான் கதி என்றால் அடியில் பனந்தீராந்தித் துண்டு போடுங்கள்.

3. சேசி: தட்டு, கேள், வெட்டு

சேசி இரும்புப் பெட்டி, தகட்டின் தடிப்பு ஏறக்குறைய 2 மி.மீ. அது உள்ளிருந்து வெளியே உக்கும். வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்கும், உள்ளே கறள் மாவாகக் கிடக்கும். கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். சுத்தியலால் ஒரு அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உக்கிய இடம் ஈரப் பலகையில் தட்டியதுபோல் 'தொப்' என்று அடங்கும். அங்கே பழைய ஸ்குரூ டிரைவரை ஊன்றி அழுத்துங்கள்.

பார்க்கும் ஒழுங்கு பின்னாலிருந்து: பின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தாங்கிகள், பெற்றோல் தாங்கியைச் சுமக்கும் பக்கக் கை (சேசியிலிருந்து பக்கமாக நீளும் சட்டம்), முன் கதவடியில் வரும் பக்கக் கைகள், முன் ஸ்பிரிங் தாங்கிகள். பின் குறுக்குச் சட்டம்தான் முதலில் போகும். பின் சில்லுகள் எறியும் சேறும் உப்பும் அதன்மேல் குந்தியிருக்கும், கழுவுகிறவர் குனிந்து பார்க்காத இடமும் அதுவே.

ஒட்டும்போது அதிகம் நடக்கும் பிழை, உக்கிய தகட்டுக்கு மேலேயே புதுத் தகடு வைத்து ஒட்டுவது. இரண்டுக்கும் இடையில் ஈரம் நின்று, இரண்டு மாரிக்குள் புதுத் தகடும் போகும். உக்கியதை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். பிறகு 2 அல்லது 2.5 மி.மீ. தகட்டை விளிம்போடு விளிம்பாக ஒட்டுங்கள். மூன்று, நான்கு மில்லிமீற்றர் தகடு போட்டால் பலம் கூடும் என்று சொல்லும் ஒட்டுக்காரரிடம் இணங்க வேண்டாம். மெல்லிய சேசியில் தடித்த தகடு ஒட்டினால் ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும்.

ஒரே நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து வெட்டினால் சேசி முறுகும். ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். காலையில் மூடிய கதவு மாலையில் இடித்தால், சேசி அசைந்துவிட்டது.

ஒட்ட முன் பற்றரி வயரையும் அல்ரனேற்றர் வயரையும் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி வலப்பக்க ஆசனத்தின் கீழ் இருக்கிறது. அதைக் கழற்றி வளவின் மறுகோடிக்குக் கொண்டு போங்கள். 'வெறும் தாங்கிதானே' என்பார்கள். நிறைந்த தாங்கியைவிட ஆவி நிற்கும் வெறும் தாங்கிதான் வெடிக்கும்.

சேசியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவற்றை ஒட்டி மூடாதீர்கள். பழைய துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள், உள்ளிருந்து ஒரு கடகம் மண் கொட்டும்.

4. பெயின்ற் அடிக்கும் காலம்

மாரி முடிந்து சோளகம் (தென்மேல் காற்று) தொடங்க முன் வரும் மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. மாரியில் இரும்பு காயாது. வைகாசி தாண்டினால் சோளகம் புழுதியையும் உப்பையும் ஈரப் பெயின்ற்றில் ஒட்டிவிடும். காலையில் பனி காய்ந்தபின் தொடங்கி, பிற்பகல் காற்று எழ முன் முடியுங்கள்.

கிரைண்டர் போட்டதும் நன்னீரால் கழுவி, காயவிட்டு, அன்றைக்கே சிங்க் பிரைமர் அடியுங்கள். கழுவாமல் விட்ட இரும்பு ஓர் இரவில் மஞ்சள் பூத்துவிடும். அது உப்பு. அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் ஆறு மாதத்தில் பருப்பருவாகக் கொப்பளிக்கும். கழுவும் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரிக்கிற கிணறென்றால் வேறு கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். கடற்கரை ஊர்களில் இந்தச் சோதனை இல்லாமல் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஒட்டின் சூட்டில் சேசியின் உட்புறப் பூச்சு எரிந்திருக்கும். அதனால் கடைசியில் துளைகள் வழியாக உட்குழி மெழுகு அடிக்க வேண்டும். மெழுகு ரின்னை முதலில் அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் மூலை முடுக்கெல்லாம் ஓடும்.

பழைய எஞ்சின் ஒயிலையும் டீசலையும் கலந்து வாகனத்தின் அடிப்பக்கத்துக்கு விசிறும் பழக்கம் ஊரில் உண்டு. இரும்பைக் கொஞ்சக் காலம் காக்கும்தான். ஆனால் ஸ்பிரிங் புஷ், எஞ்சின் தாங்கி றப்பர்கள் ஊதிப் பிளக்கும், மணலும் அப்பிப் பிடிக்கும். இன்னொன்று, இது சுண்ணாம்புக்கல் நிலம். வளவில் சொட்டிய ஒயில் நேரே கிணற்றுக்குப் போகும். வடித்த ஒயிலைக் கானில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராச்சில் கொடுங்கள்.

5. அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்கள்

உடல் அலுமினியக் கலவை என்பதால் கறள் பிடிக்காது என்று எண்ணுவது பாதி உண்மை. கால் வைக்கும் தட்டுகளை ஏந்தும் முன் சட்டம் இரும்பு. கதவின் உட்சட்டமும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட, நடுவே உப்பு நீர் நின்றால், அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாகக் கரையும்.

கழற்றிய எல்லாத் தகட்டுக்கும் இடையில் மெல்லிய றப்பரோ பெயின்ற்றோ வையுங்கள். போல்ட்டுக்குக் கல்வனைஸ் செய்ததும் நைலோன் வாஷரும் போதும். 'கறள் பிடிக்காது' என்று முழுக்க ஸ்ரெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். போல்ட் மினுங்கிக்கொண்டே இருக்கும், அதைச் சுற்றிய அலுமினியம் உதிர்ந்து துளை பெரிதாகும். போட்டே ஆகவேண்டுமென்றால் வாஷரும் கிறீஸும் இல்லாமல் போடாதீர்கள்.

6. பிறேக்

நின்றுபோன வாகனத்தில் பிறேக்கைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் றப்பர் ஓரத்தைத் தூக்கினால் உள்ளே ஈரம் தெரியும், அல்லது மண்ணிறப் பசை தெரியும். எதுவானாலும் சிலிண்டரை மாற்றுங்கள். உட்சுவரில் குழி விழுந்தபின் றப்பர் மட்டும் மாற்றினால் ஒரு மாதம்தான் பிடிக்கும்.

பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். டிரம் தூசியைக் கொம்பிரசரால் ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியையும் எறியுங்கள்.

இரும்புப் பிறேக் குழாய்கள் பின் அச்சின் மேலும் சேசிக் கிளிப்புகளின் அடியிலும் உக்கும். கிளிப்பைத் திறக்காமல் 'நல்ல குழாய்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாற்றும்போது செப்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டால் உப்பு தொடாது.

டொட் 3 அல்லது டொட் 4 பிறேக் ஒயில் மட்டும். அவசரத்துக்கு வேறெந்த ஒயில் ஊற்றினாலும் றப்பர்கள் ஊதி, பெடல் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் முதல் நான்கு சில்லு வரை எல்லாம் மாற்ற வேண்டி வரும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் காற்றில் அதிகமாகவே உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

பிறேக் குழாயில் நிற்கும் காற்றை எடுப்பது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து. நம் வலப்பக்க ஸ்ரியரிங் வாகனத்தில் அது இடது பின் சில்லு. பிறகு ஷூவைச் சரிசெய்யும் ஆணியைச் சில்லு இறுகும்வரை திருப்பி, உராய்வு நிற்கும்வரை மட்டும் பின்னுக்கு விடுங்கள். பெடல் ஆழமாகப் போனால் பெரும்பாலும் குற்றம் இந்த ஆணியில்தான். ஆனால் மாஸ்ரர் சிலிண்டரைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள்.

கைப் பிறேக் பிடிக்கவில்லையென்றால் அதன் டிரம்மைத் திறந்து பாருங்கள். ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின் ஒயில் சீல் ஒழுகி, ஷூ ஒயிலில் ஊறியிருக்கும். சீலை மாற்றாமல் ஷூ மாற்றுவது வீண் செலவு.

7. ஒயில்கள்: எவ்வளவு, எங்கே, எப்படித் திறப்பது

எஞ்சினுக்கு 6 லீற்றர், ஃபில்ற்றரோடு ஏறக்குறைய 6.85. கியர்பொக்ஸ் 1.5, ட்ரான்ஸ்பர் பொக்ஸ் 2.5, முன் டிபரன்ஷல் 1.75, பின் டிபரன்ஷல் 1.75, முன் சில்லுத் திருகுக் குண்டுகள் ஒவ்வொன்றும் அரை லீற்றர். எஞ்சினை விட்டால் மொத்தம் எட்டரை லீற்றர் ஈபி 90 கியர் ஒயில், பத்து லீற்றர் வாங்கி வைத்தால் சரி. கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 வகையைக் கேளுங்கள். சீரீஸ் 3 இல் நான்கு முன் கியருக்கும் சின்க்றோ (கியர் சத்தமின்றி விழ உதவும் வளையம்) உண்டு, அந்தப் பித்தளை வளையங்களுக்கு ஜிஎல்-5 இன் கந்தகச் சேர்க்கைகள் ஆகாது. பெற்றோல் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, டீசலுக்கு 15டபிள்யூ-40.

எப்போதும் ஊற்றும் ஆணியை முதலில் திறங்கள், வடிக்கும் ஆணியைப் பிறகு. வடித்துவிட்டு ஊற்றும் ஆணி இறுகிப்போயிருப்பதைக் கண்டால் வாகனம் அங்கேயே குந்தும்.

வடிக்கும் ஆணியை ஒரேயடியாகக் கழற்றாமல் மெல்ல நெகிழ்த்தி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடியுங்கள். தண்ணீர் ஒயிலைவிடக் கனம், அதனால் முதலில் வருவது அதுதான். இரண்டு மூன்று சொட்டுத் தெளிந்த நீர் விழுந்து, பின்னால் கறுப்பு ஒயில் வந்தால் தண்ணீர் அண்மையில் புகுந்தது. ஒயிலே பால்தேநீர் நிறத்தில் வந்தால் நெடுநாள் ஓடியிருக்கிறது. அப்போது புது ஒயில் ஊற்றி ஐம்பது கிலோமீற்றர் ஓடி, மீண்டும் வடியுங்கள். கிண்ணத்தின் அடியில் விரலை உரசிப் பாருங்கள். மாவுபோன்ற இரும்புத் தூள் வயசின் அடையாளம். நகக்கண்ணில் குத்தும் துணுக்கு வந்தால் உள்ளே ஒரு பல் உடைகிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும், மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மேலுள்ள மூச்சு வால்வில் ஒரு றப்பர்க் குழாய் பூட்டி, எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டு போங்கள். இந்த வாகனத்தில் செய்யக்கூடிய மிக மலிவான மாற்றம் இது. ஒரு வின்ச்சின் விலையில் நூறு வாகனத்துக்குப் பூட்டலாம்.

கியர்பொக்ஸ் ஒயில் குறைய, ட்ரான்ஸ்பர் பொக்ஸ் ஒயில் அதே அளவு கூடினால் வெளியே ஒழுக்குத் தேடாதீர்கள். இரண்டுக்கும் இடையிலான சீல் போயிருக்கிறது.

8. முன் சில்லுத் திருகுக் குண்டுகள்

முன் சில்லுக்குப் பின்னாலுள்ள குரோம் குண்டுக்குள் யூனிவேசல் ஜொயின்ற் சுழல்கிறது. குரோமில் கறள் குழி விழுந்தால் அது சீலை அரம்போல் அராவும், ஒயில் ஒழுகும், ஒழுகிய வழியே மணல் ஏறும். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். நகம் இடறினால் குண்டையே மாற்ற வேண்டும். புதுச் சீல் மட்டும் போட்டவர்களுக்கு அடுத்த மாரிக்குள் மறுபடி அதே வேலை. உடனே காசு இல்லையென்றால் ஒயிலுக்குப் பதிலாக இந்த வேலைக்கென விற்கும் தடித்த கிறீஸை நிரப்பிச் சமாளிக்கலாம்.

முன் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில், அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் பூட்டுத் திறப்பு வைத்த வாகனமென்றால் மாதம் ஒருமுறை பூட்டி, சில கிலோமீற்றர் ஓடுங்கள். திறந்தே வைத்திருந்தால் உள்ளே எதுவும் சுழலாது, மேல் முள் ஒயில் காணாமல் காயும்.

9. எஞ்சின்

பெற்றோலோ டீசலோ, இன்லெற்றோ எக்ஸோஸ்றோ, ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் றொக்கருக்கும் இடையில்) ஒன்றே: 0.25 மி.மீ., அதாவது பத்துத் தவு, அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு 'ஒன்பது' கணக்கு. முன்னிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8 ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1 ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்தால் 3 ஐ. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றலாம். டீசலில் அமுக்கம் அதிகம், ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றினால் கை நோகாது.

பூட்டு நட்டை இறுக்கும்போது ஆணி சற்று அசையும். இறுக்கியபின் மறுபடி அளக்காதவர்களின் எஞ்சின்தான் தையல் மெஷின்போல் சத்தம் போடும்.

பெற்றோல் எஞ்சினில் டிஸ்றிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.75 முதல் 0.80 மி.மீ., தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2. டீசலில் நான்கு ஹீற்றர் பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஒன்று எரிந்தால் நான்கும் குளிர்ந்தே கிடக்கும். காலையில் ஸ்ராட் ஆகாவிட்டால் பற்றரிக்கு முன் இதைப் பாருங்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. கூல் லைன் முழுவதும் ஏறக்குறைய 8 லீற்றர். பற்றரித் தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ற் கலந்து ஊற்றினால் கறளும் தடுபடும். மாரியில் கூரைத் தண்ணீர் பிடிப்பவர்கள், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்தடுத்த மழைத் தண்ணீரை வடித்தும் பயன்படுத்தலாம்.

சூடேறுகிறது என்று தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது ஊர் வழக்கம். அடைபட்ட ரேடியேற்றர்தான் நோய். தேர்மோஸ்ராற் இல்லாத எஞ்சின் நாள் முழுவதும் குளிர்ந்தே ஓடி, பெற்றோல் ஒயிலில் கலந்து, பிஸ்ரன் வளையம் தேயும்.

10. வயர்

பழைய வாகனத்தின் மின் கோளாறுகளில் முக்கால்வாசி எர்த்தில் இருக்கும். பற்றரியிலிருந்து சேசிக்கும், சேசியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த வயர்களைக் கழற்றி, தொடும் இடத்தை இரும்பு மினுங்கும்வரை உரசி, பூட்டியபின் வசிலின் பூசுங்கள். பெரிய லைற்றுக்கு ரிலே போட்டால் பழைய சுவிச் எரியாது, வெளிச்சமும் கூடும். கூடுதல் லைற் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ்.

11. இப்போது ரயரும் ஸ்பிரிங்கும்

88 அங்குலத்துக்கு 6.00-16 அல்லது 205-16 ரயர். 7.50-16 சிறிய லொறிகளுக்கும் வருவதால் ஊரில் எளிதாகக் கிடைக்கும், மணலிலும் மிதக்கும். ஆனால் முழு வளைவில் ஸ்பிரிங்கில் உரசும், திருப்ப எல்லை ஆணியைச் சற்று வெளியே எடுக்க வேண்டும். ரயர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெரிதாவதால் ஸ்பீடோ மீற்றர் குறைத்துக் காட்டும், எஞ்சினும் நான்காம் கியரில் திணறும். சில்லு நட்டு 75 முதல் 85 இறாத்தல்-அடி. ஐம்பது கிலோமீற்றரில் மறுபடி இறுக்குங்கள்.

உயரம் கூட்டுவது இங்கே தேவையற்றது என்பதே எங்கள் கணிப்பு. இரண்டு அங்குலம் உயர்த்தினால் பிறேக் ஹோஸ், ஷொக், புரொப்பெல்லர் ஷாப்ற்றின் கோணம் எல்லாம் மாற வேண்டும். மணலில் அந்த இரண்டு அங்குலம் எதையும் தராது. அந்தக் காசில் இறுகிப்போன ஸ்பிரிங்கைக் கழற்றி, பிளேட்டுகளுக்கு இடையிலுள்ள கறளை உரசி, கிரபைற் கிறீஸ் பூசி, புது புஷ் அடித்துப் பூட்டுங்கள். வாகனம் தானாகவே மெதுமையாகும். யூ போல்ட்டைப் பழையதைப் பூட்டாதீர்கள். புஷ் போல்ட்டை வாகனம் தரையில் நின்று பாரம் ஏறியபின்தான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டி, சில மாதத்தில் கிழியும்.

12. மணலிலும் தண்ணீரிலும்

தார் வீதியில் நான்கு சில்லு இழுவை போடாதீர்கள். இந்த வாகனத்தில் நடு டிபரன்ஷல் இல்லை. வளைவில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல வேண்டும், தார் வழுக்காது, முறுக்கம் முழுவதும் கியர்களில் ஏறும். மணலுக்குள் இறங்க முன் நான்கு சில்லு இழுவைக்கான மஞ்சள் குமிழை அமுக்குங்கள். சிவப்பு லீவரைப் பின்னிழுத்து மெல் கியர் (லோ) போடுவது வாகனம் நின்றபின். வெளியே வந்ததும் நிறுத்தி, கிளச் அமுக்கி, சிவப்பை முழுதும் பின்னிழுத்து மறுபடி முழுதும் முன்தள்ளினால் மஞ்சள் குமிழ் எழும்பும்.

ரயரின் காற்று, வீதியில் 25 இறாத்தல், பாரமிருந்தால் பின்னுக்கு 30. மணலில் 15. ரியூப் ரயர் என்றால் 12க்குக் கீழே போகாதீர்கள், ரயர் றிம்மில் வழுக்கி ரியூப்பின் வால்வைப் பிடுங்கும். தாருக்கு ஏற முன் காற்றை நிரப்பக் கைப் பம்பாவது இருக்கட்டும்.

புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள். 88 அங்குலத்தில் பின் சில்லைச் சுழற்றும் ஷாப்ற்றில் பத்துப் பல்தான். சுழன்ற சில்லு திடீரெனப் பிடிக்கும் அந்த நொடியில்தான் ஷாப்ற் முறியும். சில்லுக்கு முன் மணலைத் தோண்டி, பலகையோ தென்னோலையோ போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். ஷாப்ற் முறிந்தால், ஹப்பின் ஆறு போல்ட்டைக் கழற்றித் துண்டுகளை எடுத்து, மஞ்சள் குமிழை அமுக்கி முன் சில்லு இழுவையில் வீடு சேரலாம். உபரி ஷாப்ற் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இடமும் வலமும் நீளம் வேறு.

தண்ணீரில் ஹப்பின் நடு உயரமே எல்லை. முதலில் நடந்து பாருங்கள். ஃப்ளைவீல் பெட்டியின் அடியில் ஒரு துளை உண்டு. தண்ணீருக்குள் இறங்க முன் அதற்கு ஆணி பூட்டி, வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் உள்ளே ஒழுகும் ஒயில் தேங்கி கிளச்சை நனைக்கும். கடல்நீரிலும் களப்பிலும் இறங்கவே வேண்டாம். வெள்ளை வெளேரென்று காய்ந்த உவர்த்தரையின் மேலோடு மட்டும்தான் கடினம், கீழே களி.

போகும் இடத்தையும் பாருங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்கள அனுமதியின்றி வாகனம் கொண்டு போக முடியாது. முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் ஓடித் தேய்ந்த பாதையை விட்டு ஒரு சில்லும் விலகக்கூடாது. மணற்காட்டில் அடம்பன் கொடி பிடித்த மேடுகளில் ஏறாதீர்கள், கொடி கிழிந்த மேட்டைச் சோளகம் தூக்கிக்கொண்டு போய்விடும்.

13. திரும்பி வந்த அன்றைக்கே

கழுவுவதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். நன்னீர்க் குழாயை மேலிருந்து அல்ல, அடியிலிருந்து பிடியுங்கள்: பின் குறுக்குச் சட்டத்தின் உட்பக்கம், ஸ்பிரிங் தாங்கிகள், சேசித் துளைகளுக்குள், பெற்றோல் தாங்கியின் மேற்புறம். துளையிலிருந்து வரும் தண்ணீர் தெளியும்வரை விடுங்கள், இருபது நிமிடமாகும். உடம்பைக் கழுவாவிட்டாலும் குற்றமில்லை.

பிறகு ஒரு கிலோமீற்றர் பிறேக்கை லேசாக மிதித்தபடி ஓடி டிரம்மைக் காயவிடுங்கள். ஈரத்தோடு நிறுத்திக் கைப் பிறேக் இழுத்துவிட்டால் காலையில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். புரொப்பெல்லர் ஷாப்ற்றின் ஜொயின்ற்றுகளுக்கும் வழுக்கு முனைக்கும் பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். வெளியே வருவது சாம்பல் நிறமாக, பல்லில் நறநறக்கும் மணலோடு வந்தால், நிறம் மாறும்வரை நிறுத்தாதீர்கள்.

மணலுக்குள் போய்வந்த ஒவ்வொரு மூன்றாம் முறையும் டிரம்களைத் திறந்து மணலைத் தட்டுங்கள். மாரி தொடங்க முன் ஐப்பசியில் ஒருமுறை, முடிந்தபின் தையில் ஒருமுறை, ஏழாம் பகுதியில் சொன்ன வெள்ளைக் கிண்ணத்தோடு இரண்டு டிபரன்ஷலின் ஆணியையும் நெகிழ்த்தி முதல் சொட்டைப் பாருங்கள்.